கரிக்கு அடியில்

தட்டில் நாற்பத்தாறு கற்கள்.
தேஜோ நதிக்கு வடக்கே
லாப்பா டூ கோர்வு குகையில் தோண்டியவை.
நெருப்பு தொட்டவற்றை மட்டும்
இடப்பக்கம் ஒதுக்க வேண்டும்.

நிறத்தை நம்பாதே என்பது
இந்த மேசையின் முதல் சட்டம்.
மண்ணில் இரும்பு இருந்தால்
தீயே இல்லாமல் கல் சிவக்கும்.
சுண்ணாம்பு நிலத்தில் கிடந்தே
நரைத்துப்போன கற்களும் உண்டு.

விளக்கைச் சாய்த்துப் பிடிக்கிறேன்.
நண்டு ஓடிய சேறு போல
நுண்விரிசல் வலை தெரிந்தால், தீ.
வட்டமாய் ஒரு சில்லு தெறித்து
அம்மைத் தழும்பாகக் குழி விழுந்திருந்தால்
பெரும்பாலும் தீ.
உறைபனியும் குழி பறிக்கும்,
அதனால்தான் அந்தப் "பெரும்பாலும்".

குழியிலிருந்து பிரிந்த சில்லுக்கு
இங்கே சட்டிமூடி என்று பெயர்.
உலையில் புதுக்கல்லை வைத்து
நானே சுட்டுப் பார்த்திருக்கிறேன்:
நானூறு பாகையில்
சோளம் பொரிகிற சத்தம்.
முப்பத்தொன்றாம் கல்லின் மூடி
வேறொரு பையில், சலித்த சாம்பலோடு கிடைத்தது.
விரல்நக அளவு.
வைத்தேன். பொருந்தியது.
இருபதாயிரம் வருடம் திறந்தே கிடந்த சட்டி.

சில கற்கள் வேறு மாதிரி.
பழைய முகம் மங்கல்.
பிறகு தட்டி உடைத்த முகத்தில் மட்டும்
எண்ணெய் தடவிய மினுக்கம்.
யாரோ மணலுக்குள் புதைத்து,
மேலே தணல் பரப்பி,
இரவெல்லாம் பொறுத்திருந்து
ஆறிய பிறகே எடுத்திருக்கிறார்கள்.
அவசரப்பட்டிருந்தால் வெடித்திருக்கும்.

பதிவேட்டில் மூன்று கட்டம்:
வேண்டுமென்றே. தற்செயலாக. தெரியவில்லை.
பதினோரு வருடமாக நிரப்புகிறேன்.
கை நடுங்கியதில்லை.

ஆகஸ்டில் எங்கள் மலைச்சரிவு எரிந்தது.
தைலமரங்கள் பந்தம் பந்தமாக.
அடுத்த மேட்டில் துல்சினியாவின்
ஆலிவ் மரங்கள் நூற்றுப்பத்து,
அவளுடைய தேன்பெட்டிகள்,
பெட்டிகளைத் திறந்துவிட ஓடிய
அவளுடைய வலக்கை.

என் தம்பி பெலார்மீனுவை
காவலர்கள் இரண்டு முறை அழைத்தார்கள்.
"நான் அந்தப் பக்கம் போகவே இல்லை",
இரண்டு முறையும் அதே சொல்.
சாப்பாட்டு மேசையில் என்னிடமும் சொன்னான்,
ரொட்டியைப் பார்த்துக்கொண்டு.

முதல் மழைக்கு முன்னால் சரிவில் ஏறினேன்.
கால் வைத்த இடமெல்லாம் கறுப்புப் பொடி எழும்பியது.
கல்லைத் தேடிப் போகவில்லை.
பழகிய கண்ணுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.
வேலியோரம், புல் வெட்டிய மட்டத்தில்
ஒரு சிக்கிமுக்கி,
உள்ளங்கை அளவு.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஆறு வாரம் பையிலேயே இருந்தது.
இன்று எல்லாரும் மதிய உணவுக்குப் போனதும்
நுண்நோக்கிக்குக் கீழே வைத்தேன்.

கரி.
பஞ்சால் ஓர் ஓரம் துடைத்தேன்.
கரிக்கு அடியில்
வெந்து நீலம் பாய்ந்த ஒரு கீறல்.
எஃகு.
புல்வெட்டியின் சுழல்தகடு
உரசிக்கொண்டு போன தடம்.
கரி மேலே, கீறல் கீழே.
உரசல் முந்தி, தீ பிந்தி.
மண்ணடுக்கு படிக்கத் தொடங்கிய
முதலாண்டு மாணவன்கூடச் சொல்வான்.

சிவப்பு எச்சரிக்கை நாள் அது.
இயந்திரம் எதையும் எடுக்கக் கூடாதென்று
தேவாலயக் கதவில்கூட ஒட்டியிருந்தார்கள்.

பெலார்மீனு,
நீ கொளுத்தவில்லை.
இந்தக் கல் சொல்லும்.
நீ அங்கே இருந்தாய்.
அதையும் இதே கீறலால் சொல்லும்.
பாதியை மட்டும் பேச
கல்லுக்கு நான் எப்படிக் கற்றுக்கொடுக்க?

படிக்கட்டில் சிரிப்பு, காலடிச் சத்தம்.
நாற்பத்தேழு என்று
எண் எழுதிவிட்டேன், பழக்கத்தில்.
மூன்று கட்டமும் காலி.

வெள்ளிக்கிழமை துல்சினியாவின்
கைக்கட்டைப் பிரிக்கிறார்களாம்.
மருத்துவமனைக்கு
நான்தான் காரில் அழைத்துப் போவதாகச்
சொல்லியிருக்கிறேன்.